ஒன்றரை மடங்கு வேகத்தில் தீட்சிதர்

மதிப்பிற்குரிய ஐயா,

திருமங்கலத்தில் வீட்டிலிருந்தபடி ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். ஆறேழு மாதமாகக் கர்நாடக சங்கீதம் கேட்கிறேன். வேலை நேரத்தில் காதில் ஓடிக்கொண்டே இருக்கும். தியாகராஜர் உடனே பிடித்துவிட்டார். முத்துசுவாமி தீட்சிதர்தான் ஒட்டவே மாட்டேன் என்கிறார். ரொம்ப மெதுவாக இருக்கிறது, உருக்கத்தைவிட அறிவுதான் தெரிகிறது, சமஸ்கிருதமும் புரியவில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. சங்கீத மும்மூர்த்திகளான தியாகராஜர், தீட்சிதர், ச்யாமா சாஸ்திரி மூவரில் உங்கள் மனதுக்கு நெருக்கமானவர் யார்? புதிதாகக் கேட்பவனுக்குப் பத்துக் கீர்த்தனைகள் சொல்ல முடியுமா? ராகம் கண்டுபிடிக்கத் தெரியாதவன் பாட்டுக் கேட்டுக் கண் கலங்கினால் அது பாவனையா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

ஐப்பசி பிறந்தால் எனக்குத் தீட்சிதர் நினைப்பு வரும், எங்கள் அப்பா நினைப்பும் வரும். இரண்டும் ஒன்றாகத்தான் வரும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா என்று தெரியவில்லை.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். பத்துப் பாட்டுப் பட்டியல் தர மாட்டேன். தந்தால் ஒரே மத்தியானத்தில் பத்தையும் ஓட்டி முடித்துவிடுவீர்கள். கண் கலங்க ராகத்தின் பெயர் தெரியவேண்டியதில்லை, தெரிந்தால் ரசனை கூடும், அவ்வளவுதான். சமஸ்கிருதம் புரியவில்லை என்கிறீர்களே, தியாகராஜரின் தெலுங்கு மட்டும் புரிந்ததா? திருமங்கலம் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகள் நிறைய உண்டு, உங்கள் வீடும் அதில் ஒன்றென்றால் இந்த வரியை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் மொழியைக் காரணம் சொல்லாதீர்கள்.

ஆனால் அந்த ஒன்றரை மடங்கு. அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, இப்போதும் போகவில்லை.

தீட்சிதர் வீணைக்காரர், தம்பி. அவர் பாட்டை வீணையோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். வீணையில் ஒரு மீட்டு மீட்டிவிட்டு, அந்த ஒலி அடங்குவதற்குள் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அடுத்த ஸ்வரத்தைத் தொட்டு, திரும்பி வந்து நிற்க வேண்டும். இதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் சௌக காலம் என்று பெயர். பாட்டின் உயிர் ஸ்வரத்தில் இருப்பதைவிட ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள அந்த இழுப்பில்தான் அதிகம் இருக்கிறது. உங்கள் செயலி சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் கூட்டிவிடுகிறது, அதனால்தான் உங்களுக்குத் தப்பு தெரியவில்லை. பழைய ஒலிநாடாவாக இருந்திருந்தால் வேகம் கூட்டியதும் குரல் கீச்சென்று போயிருக்கும், அந்த நிமிடமே நிறுத்தியிருப்பீர்கள். இப்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலக் கேட்கிறது, ஆனால் இழுப்பு இருந்த இடத்தில் ஒரு உதறல்தான் மிச்சம்.

நம் மதுரை அம்மன்மேல் அவர் பாடிய 'மீனாக்ஷி மே முதம் தேஹி'யை எடுத்துக்கொள்ளுங்கள். கமகக்ரியா ராகம், இன்று பெரும்பாலும் பூர்விகல்யாணி என்று சொல்லிப் பாடுகிறார்கள். சரணத்தில் 'வீணா கான தச கமக க்ரியே' என்று ஒரு இடம் வரும். கமகம் என்றால் நான் சொன்ன அந்த இழுப்பு, அசைவு எல்லாம்தான். வீணை கானத்தின் பத்து வகைக் கமகங்கள் என்று அம்பாளைச் சொல்கிற சாக்கில் ராகத்தின் பெயரையும் அதற்குள் வைத்துவிட்டார். இதைத்தான் நீங்கள் அறிவு என்கிறீர்கள். அறிவுதான், மறுக்கவில்லை. ஆனால் பத்துக் கமகம் என்று பாட்டுக்குள்ளேயே எழுதி வைத்த மனிதருடைய பாட்டில் ஒரு கமகம்கூடக் காதில் விழாதபடி ஓட்டிவிட்டு, உருக்கம் இல்லை என்று அவர்மேல் குறை சொன்னால் எப்படி?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு வேகம் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தீட்சிதர் கிருதிகளில் பெரும்பாலும் கடைசியில் மத்யம கால சாகித்யம் என்று ஒரு பகுதி இருக்கும். தாளம் அதேதான், சொற்கள் மட்டும் இரட்டிப்பு வேகத்தில் வரும். இந்தப் பாட்டின் சரணத்தில் 'மதுமுரரிபு சோதரி சாதோதரி' என்று தொடங்கும் இடம் அது. அவ்வளவு நேரம் நிதானமாக நடந்துவந்த பாட்டு அங்கே தானாக ஓடும். எங்கே ஓட வேண்டும் என்று அவரே முடிவு செய்து வைத்திருக்கிறார். நீங்கள் முதலிலிருந்தே ஓடினால் அந்த இடம் வரும்போது உங்களுக்கு என்ன மிஞ்சும்? ஒன்றுமே நடக்காது. கூட்டத்தில் ஒரு வரி கூடுதலாகப் போகும்.

எங்கள் அப்பா தையல்காரர். அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரில் புதுமண்டபத்தில், தடாதகைப் பிராட்டி (மீனாட்சிதான்) சிலை இருக்கும் தூணிலிருந்து நாலைந்து தூண் தள்ளி அவருடைய மிஷின். (இப்போது அந்தக் கடைகள் அங்கே இல்லை, குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்யும், அது வேறு கதை.) தீபாவளிக்கு முந்தின பத்து நாளும் ராத்தூக்கம் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய்விடுவேன், நான்தான் காஜா பையன், சட்டையில் பொத்தான் துளைகளுக்கு நூல் போடுகிறவன். மண்டபம் முழுக்க மிஷின் சத்தம், கல்தூணில் மோதித் திரும்பி வரும். அதற்கு நடுவில் அப்பாவின் டிரான்சிஸ்டர் எந்நேரமும் பாடிக்கொண்டிருக்கும். எந்தப் பாட்டுக்கும் அவர் கால் நின்றதில்லை. இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் மிதியை நிறுத்திவிடுவார். என் கையில் இருக்கும் சட்டையை வாங்கி, தானே காஜா எடுத்துக்கொண்டு கேட்பார். எதிரில் துணி வாங்க வந்தவர் நின்று கத்துவார். "இந்தா, ஒரு பாட்டு முடியட்டும்ண்ணே" என்பார், தலையைத் தூக்காமல்.

ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். ராகம் தெரியாது, சமஸ்கிருதம் தெரியாது. 'மதுராபுரி நிலயே' என்று வரும்போது மட்டும் என்னைப் பார்த்து "நம்மூரு" என்பார். அடுத்தாற்போலவே 'மலயத்வஜ பாண்ட்ய ராஜ தனயே' வரும், மலயத்துவச பாண்டியன் மகள். ஊசியை அந்தச் சிலைப் பக்கம் நீட்டிக் காட்டுவார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த அர்த்தம், அது அவருக்குப் போதுமாக இருந்தது.

ஏன்ப்பா இந்தப் பாட்டுக்கு மட்டும் நிறுத்துறீங்க என்று ஒருநாள் கேட்டேன். "மிஷின் சத்தத்துல அந்த இழுப்பு கேக்க மாட்டேங்குதுய்யா" என்றார். இழுப்பு என்ற சொல்லை எனக்குக் கொடுத்தது அவர்தான். கமகம் என்ற சொல் எனக்குத் தெரிய அப்புறம் பத்து வருடம் ஆனது. அதே நாட்களில்தான் நான் ஒரு சட்டைக்கு அவசரமாகக் காஜா எடுத்து, நூலை எட்ட எட்டப் போட்டு நீட்டினேன். பேசாமல் பிளேடால் பிரித்துப்போட்டு மறுபடி என் கையில் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்தப் பாட்டு ஏன் தீபாவளி நெருக்கடியில் மட்டும் வருகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. திருவாரூரில் 1775ல் பிறந்த தீட்சிதர், தன் தம்பி பாலுசுவாமி சமஸ்தான வித்வானாக இருந்த எட்டயபுரத்தில் 1835ல் தீபாவளியன்று காலமானார். சீடர்களை இந்தப் பாட்டைப் பாடச் சொன்னார், 'மீனலோசனி பாசமோசனி' என்ற இடத்தில் உயிர் பிரிந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. பாசமோசனி, கட்டை அவிழ்ப்பவள். அவருடைய நினைவு நாளுக்காகத்தான் வானொலியில் அந்தப் பாட்டு வந்திருக்கிறது, எங்கள் அப்பா ஊர் முழுவதற்கும் புதுச்சட்டை தைத்துக்கொண்டிருந்த நாட்களில். இது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. எனக்குத் தெரிந்தபோது சொல்ல அவர் இல்லை. அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகும் சாலையில்தான் எட்டயபுரம். ஒருமுறை தனியாகப் போய்ச் சமாதி முன்னால் உட்கார்ந்துவிட்டு வந்தேன். பாடத் தெரியாது, சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

மனதுக்கு நெருக்கமானவர் யார் என்று கேட்டிருந்தீர்கள். ச்யாமா சாஸ்திரி இதே மீனாட்சியை ஆனந்தபைரவியில் 'மரிவேரே கதி' என்று கூப்பிடுவதைக் கேட்கும் நாளில் அவர்தான் என்று தோன்றும். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

இந்தத் தீபாவளிக்கு முந்தின ராத்திரி மடிக்கணினியை மூடிவிட்டு இந்த ஒரு பாட்டைக் கேளுங்கள். நல்ல வீணையிலோ வாய்ப்பாட்டிலோ, அதன் சொந்த வேகத்தில். கையை ஏதாவது செய்யவிடுங்கள், பூண்டு உரித்தாலும் சரி. சலிப்பு வந்தால் வரட்டும், எழுந்துவிடாதீர்கள். மறுநாளும் அதையே கேளுங்கள். 'மதுமுரரிபு சோதரி' வரும்வரை பொறுத்திருங்கள். அந்த இடம் வந்ததும்தான் அப்பா சட்டையை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலை மிதியில் வைப்பார்.