செக்கில் ஆட்டினால் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு மாறுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 168 என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ‘செக்குத் தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ராலே கிடையாது, இதயத்துக்கு நல்லது’ என்று யாரோ சொன்னதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டார். எல்லாச் சமையலையும் அந்த எண்ணெயிலேயே செய்யச் சொல்கிறார். செய்யலாமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் மாத்திரை விஷயம். தானாக நிறுத்தியது தவறு. இன்றைக்கே டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். எந்த எண்ணெயும் அந்த மாத்திரைக்கு ஈடாகாது.

தேங்காய் எண்ணெயில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது சரிதான். வேறு எந்தத் தாவர எண்ணெயிலும்தான் அது சொல்லும்படி இல்லை. நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைத் தயாரிப்பது உடம்புதான். நிறைவுற்ற கொழுப்பை, அதாவது குளிரில் எளிதில் உறைந்துபோகும் வகைக் கொழுப்பை, அதிகம் சாப்பிடும்போது, கெட்ட கொழுப்பைக் கல்லீரல் ரத்தத்திலிருந்து உறிஞ்சிக்கொள்வது குறைந்துவிடும். மிஞ்சியது ரத்தக்குழாய்ச் சுவரில் படியும். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் இந்த நிறைவுற்ற கொழுப்புதான். நல்லெண்ணெயில் அது 15 சதவீதம் அளவுக்கு, கடலை எண்ணெயில் 20க்குள். செக்கில் ஆட்டுவதால் மணம் நிற்கும். இந்தக் கணக்கு மாறாது. 2020இல் ‘சர்குலேஷன்’ மருத்துவ இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சூரியகாந்தி, ஆலிவ் போன்ற எண்ணெய்களை விடத் தேங்காய் எண்ணெய் எடுத்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு சுமார் 10 மில்லிகிராம் கூடியிருந்தது. எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பும் கொஞ்சம் கூடியது உண்மை. ஆனால் அது கூடுவதால் மட்டும் மாரடைப்பு குறையும் என்பதற்கு நிரூபணம் இல்லை.

அதற்காக ஊர்ச் சமையலையே விட வேண்டாம். அவியலை இறக்கும்போது விடுகிற ஒரு ஸ்பூன் பச்சைத் தேங்காய் எண்ணெய் இருக்கட்டும். தாளிக்கவும் வதக்கவும் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வைத்துக்கொள்ளுங்கள். சாளை மீனைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள். அதற்கு அரைக்கும் தேங்காயையும் கொஞ்சம் குறையுங்கள். அப்பளம் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். வனஸ்பதி வீட்டுக்குள்ளேயே வேண்டாம்.

எந்த எண்ணெயானாலும் அளவு முக்கியம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் இரண்டு லிட்டர் போதும். ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் மூன்று டீஸ்பூன் வரும். அப்புறம், எண்ணெயைக் குறைத்துவிட்டுச் சோற்றைக் கூடுதலாகப் போட்டால் பலன் இல்லை. அந்த இடத்தில் பயறும் காய்கறியும் வரட்டும்.

மாத்திரையை மறுபடி தொடங்கினால், டாக்டர் சொல்கிறபடி இரண்டு மூன்று மாதத்துக்குள் மீண்டும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.