அண்ணையின் கோப்பையும் தம்பியின் அடைப்புக்குறியும்

கேள்வி: ஊர் கிளிநொச்சி. கொழும்பில் இரண்டு வருடமாகக் கட்டட வேலை, ஒரே அறையில் ஏழு பேர் இருக்கிறோம். அதில் ஒரு அண்ணை தினமும் போடும் குளிசை எச்.ஐ.வி.க்கானது என்று இப்போதுதான் தெரிந்தது. ஒரே கோப்பையில் சாப்பிட்டிருக்கிறோம், ஒரே கக்கூஸ், நுளம்பும் எல்லோரையும் கடிக்கிறது. மற்றவர்கள் அவரை வெளியே அனுப்பச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்? (இரண்டு மாதத்துக்கு முன் நானும் கூட்டாளிகளோடு ஒரு பெண்ணிடம் போனேன், ஆணுறை போடவில்லை. தை மாதம் எனக்குக் கல்யாணம்.)

பதில்: தம்பி, கடிதம் முழுக்க அண்ணையின் கோப்பையை எழுதிவிட்டு உங்கள் விஷயத்தை அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை.

சரி, அண்ணையின் கதையை முதலில் முடிப்போம். கோப்பை, கக்கூஸ், பாய் எதனாலும் எச்.ஐ.வி. தொற்றாது. நுளம்பால் பரவுமென்றால் ஒருகாலம் வன்னியில் மலேரியா ஆடிய ஆட்டம்போல வீட்டுக்கு வீடு, குழந்தை கிழவி என்று பாராமல் படுத்திருப்போம். சவர பிளேட்டை மட்டும் யாரோடும் பகிர வேண்டாம், இரத்தம் படும் சாமான் அது, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கூட வரும். மருந்தை ஒழுங்காகப் போட்டு, இரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவுக்கு அடங்கிவிட்டால் உடலுறவில்கூட அது அடுத்தவருக்குப் போகாது. உங்கள் அறையில் தன் நிலை தெரிந்தவர் அவர் ஒருவர்தானே, மற்ற ஆறு பேருக்கும் என்ன தெரியும்?

இனி உங்கள் விஷயம். சம்பவம் நடந்து 72 மணித்தியாலத்துக்குள் கிளினிக்குக்குப் போயிருந்தால் தடுப்பு மருந்து 28 நாள் தந்திருப்பார்கள், அந்தக் காலம் போய்விட்டது. உடம்பு நல்லாத்தானே இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள், வருடக்கணக்கில் ஒரு குறியும் காட்டாமல் இருக்கக்கூடிய கிருமி இது. இப்போதே ஒரு சோதனை, சம்பவம் நடந்து மூன்று மாதம் முடிந்ததும் இன்னொன்று. ஊரில் யாராவது கண்டால் கதை பரவும் என்ற பயம் இருந்தால் கொழும்பிலேயே செய்யலாம், கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் அரசாங்கத்தின் பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது. காசில்லை, டொக்டரின் கடிதமும் தேவையில்லை.

இரண்டாவது முடிவு கைக்கு வரும்வரை கல்யாணத் திகதியைத் தள்ளுங்கள், வீட்டில் ஏதாவது சாட்டுச் சொல்லலாம். தொற்று என்று வந்தால் பெண்ணிடம் மறைக்கக் கூடாது, ஆனால் வாழ்க்கை முடிந்ததென்றும் இல்லை. மருந்து இலவசம், பிள்ளையும் பெறலாம், தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்திருக்கிறது.

போகும்போது மற்ற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழி அண்ணைக்குத் தெரியும்.