கைநாட்டும் கையிலிருக்கிற காகிதமும்

வாசகர் கேள்வி – பதில்

ஏழு நாட்டுப் பெண்களின் உண்மைக் கதைகளைச் சொல்லும் ‘செவன்’ நாடகத்தைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரிதான் எழுதியிருந்தேன். அதற்கே இத்தனை கடிதங்கள். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவி, திண்டுக்கல்: மகளிர் தின விழாவுக்கு ‘செவன்’ நாடகத்திலிருந்து முக்தார் மாய் பகுதியைத் தமிழில் போடுகிறோம். நான்தான் முக்தார். ஒத்திகை பார்த்த ஒரு மேடம், “நீ என்ன கஷ்டத்தப் பார்த்துட்டேன்னு அந்தம்மா மாதிரி அழுறே?” என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து எனக்கு வசனமே வரமாட்டேன் என்கிறது.

மேடம் கேட்டது நியாயம்தான் கண்ணு. ஆனால் உன்னை யார் அழச் சொன்னது?

அந்த நாடகம் எப்படி வந்தது என்று பார். ஏழு நாட்டுப் பெண்கள் எழுவரை ஏழு நாடகாசிரியைகள் பேட்டி கண்டு, அவர்கள் சொன்னதிலிருந்தே எழுதினார்கள். 2008இல் நியூயார்க்கில் முதலில் மேடையேறியது. முக்தார் பகுதியை எழுதியவர் சூசன் யாங்கோவிட்ஸ். அவரும் முக்தாரின் கஷ்டத்தைப் பட்டவரில்லை. கேட்டுக்கொண்டவர், அவ்வளவுதான். உன் வேலையும் அதுதான்.

பாகிஸ்தான் பஞ்சாபில் மீர்வாலா என்ற கிராமம். 2002 ஜூனில், தம்பி மேல் போட்ட பழிக்காக அக்கா முக்தாருக்கு ஊர்ப் பஞ்சாயத்து கொடுத்த தண்டனை கூட்டுப் பாலியல் வன்முறை. முக்தார் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, வழக்குப் போட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் போலீஸார் வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கினார்கள். அரசு கொடுத்த இழப்பீட்டில் அவர் ஊரில் பள்ளிக்கூடம் கட்டி, அந்தப் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து எழுத்துப் படித்தார். 2011இல் உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்றம் தண்டித்த ஆறு பேரில் ஐந்து பேரின் விடுதலையை உறுதி செய்துவிட்டது. பள்ளிக்கூடம் கட்டியதோடு கதை சுபம் என்று முடித்துவிடாதே. விடுதலையையும் சொல்.

என் அனுபவம் ஒன்று. பல வருஷங்களுக்கு முன் எங்கள் நாடகக் குழுப் பெண் ஒருத்தி இதே கதையைச் சொன்னாள். தலையில் முக்காடு, நடுங்குகிற குரல். பத்தாவது நிமிஷம் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம். அடுத்த ஊரில் முக்காடு வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அவளுடைய சொந்தக் கைத்தறிப் புடவை, கையில் காகிதம். “இது முக்தார் மாய் சொன்னது, நான் வாசிக்கிறேன்” என்று ஆரம்பித்தாள். வெற்றுத் தாளில் கைநாட்டு வைத்த இடம் வந்தது. முன்வரிசையில் ஒரு பாட்டி, மையே படாத தன் கட்டைவிரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டார். சொசைட்டியிலும் ரேஷன் கடையிலும் கைநாட்டு வைத்தவர்கள் மையை அங்கேதான் துடைப்பார்கள், உனக்குத் தெரிந்திருக்காது.

அதனால் காகிதத்தை மறைக்காதே. வசனம் மறந்தால் பார்த்துப் படி. அப்புறம், நாடகத்துக்கு அனுமதி வாங்கியாயிற்றா என்று விழாப் பொறுப்பாளரைக் கேட்டுவிடு.

இல்லத்தரசி, காரைக்குடி: ரஷ்யா, கம்போடியா, நைஜீரியா என்று எங்கெங்கோ இருக்கும் பெண்கள். ஊர் வேறு, பேச்சு வேறு. அவர்களுக்கும் நமக்கும் என்ன ஒட்டு?

ஒரு பட்டன். ஏழு பேரில் ஒருவர் மாஸ்கோவின் மரினா பிஸ்க்லகோவா. தன் மகனோடு படிக்கும் பையனின் அம்மா வீங்கிய முகத்தோடு வந்ததைப் பார்த்து விசாரித்திருக்கிறார். கணவருடைய கோட்டில் பட்டன் அறுந்துவிட்டதாம். உடனே தைத்துக் கொடுக்கவில்லை என்று ஷூவால் முகத்தில் அடித்திருக்கிறார். “விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?” “எங்கே போறது?” 1993இல் மரினா ஒற்றைத் தொலைபேசியை வைத்துக்கொண்டு, அடிபடும் பெண்களுக்கான உதவி எண்ணை ஆரம்பித்தார். ஆரம்ப மாதங்களில் போனை எடுக்க அவர் ஒருவர்தான்.

கம்போடியாவின் மூ சோசுவா கதையில் ஒரு பழமொழி வரும்: ஆண் தங்கம், பெண் வெள்ளைத் துணி. தங்கம் சேற்றில் விழுந்தால் கழுவிக்கொள்ளலாம், துணியில் கறை போகாது. முள்ளில் சேலை பட்டாலும் சேலையில் முள் பட்டாலும் கிழிவது சேலைதான் என்று நம் வீட்டிலும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்?

ஆனால் உடனே “எல்லாம் ஒண்ணுதான்” என்று சொல்லிவிடவும் கூடாது. அது சோம்பேறித்தனம். சோசுவாவின் பெற்றோர் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கொடுங்கோல் ஆட்சிக் காலத்தில் காணாமல் போனவர்கள். அவர் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து மகளிர் துறை அமைச்சரானார். ‘பெண் விலைமதிப்பற்ற ரத்தினம்’ என்று பழமொழியையே மாற்றி அரசுத் திட்டத்துக்குப் பெயர் வைத்தது அவருடைய துறை. நம் முள்–சேலையை எந்த அமைச்சரும் தொட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆசிரியர் (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்): எங்கள் ஊரில் இரண்டு மதத்தாரும் அடுத்தடுத்த தெருவில் இருக்கிறார்கள், பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு தெருப் பெண்களையும் சேர்த்து ஓர் ஒற்றுமை நாடகம் போட நினைக்கிறேன். வருவார்களா?

‘ஒற்றுமை நாடகம்’ என்று நோட்டீஸ் அடித்தால் வரமாட்டார்கள் சார். நானே வரமாட்டேன்.

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டைப் பாருங்கள். புராட்டஸ்டன்ட் தெரு, கத்தோலிக்கத் தெரு, நடுவில் சுவர். ‘செவன்’ சொல்லும் இன்னொரு பெண்ணான ஐனெஸ் மெக்கார்மக் அந்த நாட்டுக்காரர், புராட்டஸ்டன்ட் குடும்பம். தெரிந்து ஒரு கத்தோலிக்கரைச் சந்தித்ததே பதினேழு வயதுக்கு அப்புறம்தானாம். பின்னாளில் துப்புரவுப் பணிப் பெண்களைத் தொழிற்சங்கத்தில் சேர்த்தார். கூலி பேச வந்தவர்கள்தான் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அதே பெல்ஃபாஸ்டில் 1983இல் ஐந்து நடிகைகள் ‘ஷாரபாங்க்’ என்று குழு ஆரம்பித்தார்கள். ஊரைத் திருத்த இல்லை, வேலை கிடைக்கவில்லை என்பதால். வயதான மில் தொழிலாளிப் பெண்களைத் தேடிப்போய்ப் பழங்கதை கேட்டு, 1911இல் நடந்த மில் வேலைநிறுத்தத்தை நாடகமாக்கினார்கள். வேலை நேரத்தில் பாடக் கூடாது, சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, மீறினால் அபராதம் என்று மில்லில் விதி. வேலைநிறுத்தம் தோற்கிற நிலைமையில், தொழிற்சங்கத் தலைவர் ஜேம்ஸ் கானலி சொன்ன யோசனை: சேர்ந்தே உள்ளே போங்கள், ஒருத்தி சிரித்ததற்குத் திட்டினால் எல்லோரும் சிரியுங்கள், ஒருத்தி பாடியதற்கு வெளியே அனுப்பினால் எல்லோரும் பாடிக்கொண்டே வெளியே வாருங்கள். நாடகத்தை இரண்டு பக்கத்துச் சமூகக் கூடங்களுக்கும் கொண்டுபோனார்கள்.

உங்கள் ஊரில் இரண்டு தெருப் பெண்களும் செய்கிற வேலை எது? பீடியா, தீப்பெட்டியா? ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, சரியில்லை என்று எத்தனையைத் தள்ளிவிடுகிறார்கள் என்று தெருவுக்கு நாலு வீட்டில் கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டு வாருங்கள். நீங்கள் போகாதீர்கள், வீட்டம்மாவை அனுப்புங்கள். ஆண் வாத்தியாரிடம் கூலிக் கணக்கு முழுசாக வராது.