சிட்டையை வாசித்துக் காட்டுதல்

வணக்கம் சார்,

திருநெல்வேலி டவுனில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் பதினாறு வருடமாகக் கணக்கு பார்க்கிறேன். பி.காம். முடித்த கையோடு டேலி படித்துவிட்டு வந்து உட்கார்ந்த நாற்காலி. இன்னும் அதே நாற்காலிதான்.

போன மாதம் முதலாளியின் மகன் புது சாஃப்ட்வேர் ஒன்று வாங்கி வந்தார். பில்லை செல்போனில் படம் எடுத்தால் போதும். பெயர், தொகை, வரி எல்லாம் தானாகப் பதிவாகிவிடுகிறது. நான் ஒரு நாள் முழுக்கப் போடும் பதிவை, டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது முடித்துவிட்டது. "எம்மா, இனி ஒனக்குப் பாதி வேலதான்" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாதி வேலை என்றால் பாதிச் சம்பளமா என்று கேட்கவும் வாய் வரவில்லை.

மகள் பிளஸ் டூ காமர்ஸ் முடிக்கப் போகிறாள். சி.ஏ. படிக்கிறேன் என்கிறாள். நீங்கள் ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். ஏ.ஐ. வந்தால் முதலில் போவது கணக்கு வேலைதான் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அவளை அதில் விடலாமா? எனக்கே இன்னும் எத்தனை வருடம்?

பெயர் போட வேண்டாம் சார். கடையில் பார்த்தால் சங்கடம்.

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

பதிவு போடும் வேலை போகத்தான் போகிறது. அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்வதில் அர்த்தமில்லை. அது போக ஆரம்பித்தே சில வருடங்கள் ஆகின்றன. செல்போன் சாஃப்ட்வேர் கடைசியாக வந்த ஆள். 2020 அக்டோபரில் இ-இன்வாய்ஸ் வந்தபோது 500 கோடிக்கு மேல் வியாபாரம் செய்பவர்களுக்கு மட்டும் என்றார்கள். நம்மூரில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்து நின்றது. இப்போது உங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களில் பலர் பில் போடும்போதே அது அரசாங்கத்தின் கம்ப்யூட்டரில் ஏறி, அங்கிருந்து உங்கள் கடையின் 2பி-யில் (நீங்கள் வாங்கிய பில்களுக்கு ஜிஎஸ்டி போர்ட்டல் தரும் பட்டியல்) வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஏற்கெனவே ஒருமுறை பதிவான பில்லைத்தான் நீங்கள் மறுபடியும் தட்டிக்கொண்டிருந்தீர்கள். எந்திரம் எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது தட்டலை.

சரி. ஆனால் பதிவுதான் உங்கள் வேலையில் பாதி என்று உங்கள் முதலாளி எந்தப் படியை வைத்து அளந்தார்?

என் சின்ன வயதில் அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரில் ஒரு கணக்குப்பிள்ளை இருந்தார். கடைக் கணக்குப்பிள்ளை இல்லை, கிராமக் கர்ணம். ஊர் நிலத்துக் கணக்கெல்லாம் அவர் வீட்டு மரப்பெட்டியில்தான் இருக்கும். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவியையே ஒழித்தது. தலைமுறை தலைமுறையாக வந்த வேலை ஒரே நாளில் இல்லை. (ஒழிந்தது நல்லதற்குத்தான். அந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் யார் யார் நிலம் காணாமல் போனது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.) பெட்டியை ஒப்படைத்துவிட்டு வந்த மனிதர் இனி என்ன செய்வார் என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் சாயங்காலம் ஆனால் அவர் திண்ணையில் ஆள் இருந்தது. பாகப்பிரிவினை, வாய்க்கால் தகராறு என்று பழைய பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். ரெவின்யூ கணக்கில் பசலி. இரண்டையும் இங்கிலீஷ் வருடத்துக்கு மாற்றி, "இது ஒங்க தாத்தா எழுதுனது இல்ல, அவரு அண்ணன் எழுதுனது, இதுல அந்தக் கெணறு சேரல" என்று சொல்ல ஊரில் அவர் ஒருவர்தான். எழுதும் அதிகாரம் போய்ப் பத்து வருடம் கழித்தும் வாசித்துக் காட்ட அவர் வேண்டியிருந்தது.

பசலி ஆண்டு பிறப்பது ஜூலை 1. 1949இல் சி.ஏ. இன்ஸ்டிடியூட் பிறந்ததும் ஜூலை 1. 2017இல் ஜிஎஸ்டி வந்ததும் அதே ஜூலை 1. கணக்கு எழுதுகிறவர்களுக்கும் இந்தத் தேதிக்கும் ஏதோ பொருத்தம் இருக்கிறது. ஜாதகம் பார்க்கிறவர்கள் சொல்லட்டும்.

கடைகளிலும் வாசிப்பு இருந்தது. நான் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்த புதிதில் கீழ ரத வீதிப் பக்கம் ஒரு கடைக்கு அனுப்புவார்கள். இரவு கடை எடுத்துவைக்கும் நேரத்தில் கணக்குப்பிள்ளை சிட்டையை, அதாவது அன்றாடக் கணக்கு நோட்டை, உரக்க வாசிப்பார். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறாரோ என்று நினைக்கும்படி கேட்டுக்கொண்டிருப்பார். திடீரென்று, "நிறுத்தும். அந்தப் பேட்டைக்காரன் போன வாரமும் கடன்தான?" என்பார். மறுநாள் பேட்டைக்குச் சரக்கு போகாது. டேலி வந்த பிறகு இந்த வாசிப்பு குறைந்தது. ஜிஎஸ்டி வந்த பிறகு சுத்தமாக நின்றது. 11ஆம் தேதிக்குள் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி, நடுவில் 2பி-யோடு ஒப்பிடுவது என்று மாதமே தேதிகளாகிவிட்டது. சப்ளையர் தன் ரிட்டர்னில் காட்டாத பில்லுக்கு வாங்கியவருக்கு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வது) கிடையாது என்று 2022 ஜனவரி முதல் சட்டமே வந்துவிட்டதால், ஊரார் ஒழுங்காகக் கணக்குக் காட்டினார்களா என்று பார்ப்பதும் உங்கள் தலையில். "சார், எங்க பில்லை ஏத்திட்டீங்களா" என்று எத்தனை போன் போட்டிருப்பீர்கள்! கணக்கு முழுக்க அரசாங்கம் பார்ப்பதற்காக என்றாகிவிட்டது. கடைக்காரர் அதைப் பார்ப்பதே இல்லை. ஆடிட்டர் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி. இந்தத் தொழிலைக் கெடுத்தது இதுதான், ஏ.ஐ. இல்லை என்பது என் கட்சி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வெள்ளம் ஜங்ஷனுக்குள் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெயிண்ட் கடையில் கம்ப்யூட்டர், நோட்டு எல்லாம் தண்ணீருக்குள். நவம்பர் மாதத்து 3பி-க்குக் கடைசி நாள் டிசம்பர் 20. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, விருதுநகர் மாவட்டங்களுக்கு ஜனவரி 10 வரை அவகாசம் என்ற அறிவிப்பு ஜனவரி 5 அன்றுதான் வந்தது. அதுவரை சேற்றை வாரிக்கொண்டே தாமதக் கட்டணத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அது பெரிய சேதமில்லை. வாங்கிய பில்கள் போர்ட்டலில் இருந்தன, இறக்கிக்கொண்டார்கள். போனது கடன் நோட்டு. எந்தக் கொத்தனார் எவ்வளவு பாக்கி, எந்த காண்ட்ராக்டர் பொங்கல் கழித்துத் தருவதாகச் சொன்னார் என்பது எந்தப் போர்ட்டலிலும் கிடையாது. அங்கே கணக்கு பார்த்த அக்கா நான்கு நாள் பெஞ்சில் உட்கார்ந்து நினைவிலிருந்தே எழுதினார். இடையிடையே, "இவரு ரெண்டு தவணையா குடுத்தாரு, ரெண்டாவது தவணை அவரு பொண்டாட்டி கொண்டாந்து குடுத்தா" என்றெல்லாம் சொன்னாராம். பாக்கியில் பெரும்பகுதி வசூலாகிவிட்டது. அதற்கு முன்புவரை அந்தக் கடை அண்ணாச்சியும் அக்காவின் வேலையை 'பில் ஏத்துறது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். (மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: பேக்கப்பைக் கடைக்குள்ளேயே வைக்காதீர்கள்.)

இனி உங்கள் கடைக்கு வருகிறேன். ஹார்டுவேர் என்கிறீர்கள், சிமெண்டும் இருக்கும். 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டுக்கு 28 சதவீதம் 18 ஆனது. அன்று காலை குடோனில் கிடந்த மூடைகள் 28 கொடுத்து வாங்கியவை. "நூத்துக்குப் பத்து போச்சே" என்று தலையில் கை வைத்த கடைக்காரர்களை எனக்குத் தெரியும். ஒன்றும் போகவில்லை. கட்டிய 28ம் வரவாக அவர்கள் கணக்கிலேயே இருக்கிறது, மற்ற விற்பனை வரியில் கழித்துக்கொள்ளலாம். என்ன, ரொக்கமாகத் திரும்பி வராது. கொஞ்ச நாள் முடங்கிக் கிடக்கும். அதுவரை கையில் எவ்வளவு வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். உங்கள் கடையில் அன்று அதைச் சொன்னது யார்? நீங்கள்தான் என்றால், அது முதலாளி சொன்ன பாதியில் எந்தப் பாதி?

இன்னொன்று. குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31க்குள்ளும் கொடுக்கவில்லை என்றால் அந்த வருடச் செலவாக வருமான வரியில் ஏற்கமாட்டார்கள். 2023-24 முதல் இந்த விதி. வாங்கி விற்கும் வியாபாரிக்கு இது பொருந்தாது. கீல், தாழ்ப்பாள் அனுப்புகிறவர் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறாரா, வெறும் ஏஜென்சியா என்பது பில்லைப் படம் எடுத்தால் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பிப்ரவரியிலேயே ஒரு பட்டியல் எடுத்து முதலாளி முன்னால் வையுங்கள்.

எந்திரத்துக்கு நாக்கும் கிடையாது. முதலாளி வீட்டு ஏ.சி. பில்லைக் காட்டினால் மறுபேச்சில்லாமல் கடைக் கணக்கில் ஏற்றிவிடும். தப்பாக எடுத்துச் செலவழித்த வரி வரவுக்கு 18 சதவீதம் வட்டி. "அண்ணாச்சி, இது வீட்டுக் கணக்கு" என்று சொல்ல ஆள் வேண்டும். அப்படிச் சொல்வது சம்பளக்காரருக்கு லேசில்லை என்பது எனக்குத் தெரியும். 2023 ஏப்ரல் முதல், எந்தப் பதிவை யார் எப்போது மாற்றினாலும் தடம் விழுகிற சாஃப்ட்வேரைத்தான் கம்பெனிகள் வைத்திருக்க வேண்டும். உங்கள் கடை பார்ட்னர்ஷிப் என்றால் கட்டாயமில்லை. இருந்தாலும் டேலியில் எடிட் லாகை இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் மாத பில்லைக் கொஞ்சம் மாற்றிப் போடச் சொன்னால் 'முடியாது' என்று உங்களுக்கு வாய் வராது. 'சாஃப்ட்வேர் காட்டிக்குடுத்துரும் அண்ணாச்சி' என்று வரும்.

மகளைப் பற்றி. படிக்கட்டும். ஃபவுண்டேஷன், இன்டர் தேர்வுகள் 2024 முதல் வருடத்துக்கு மூன்று தடவை, ஃபைனலும் 2025 முதல் அப்படியே. ஒரு பேப்பர் விட்டால் அரை வருடம் வீட்டில் உட்காரும் கொடுமை குறைந்துவிட்டது. ஆர்ட்டிகிள்ஷிப்பை, அதாவது ஆடிட்டரிடம் பெறும் பயிற்சியை, மூன்று வருடத்திலிருந்து இரண்டாக்கியதில் மட்டும் எனக்கு மனத்தாங்கல் உண்டு; மூன்றாவது வருடத்தில்தான் எனக்கே கொஞ்சம் பிடிபட்டது. அதனால் அந்த இரண்டு வருடத்தை எங்கே கழிக்கிறாள் என்பதில் கவனமாக இருங்கள். சென்னையில் பெரிய ஆபீஸில் ஒரே கம்பெனியின் வவுச்சருக்கு டிக் அடிப்பதைவிட, பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆபீஸில் சேரட்டும். அங்கே திங்கள் ரைஸ் மில், செவ்வாய் கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனி, புதன் மேலப்பாளையம் பீடிக் கணக்கு, வியாழன் பள்ளிக்கூட டிரஸ்ட் என்று ஓடும். இன்னொரு அதிர்ஷ்டமும் அவளுக்கு இருக்கிறது. 1961ஆம் வருடத்து வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் வருடத்துச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல். சேமிப்புக்கு வரிச்சலுகை என்று நாம் வாய்க்கு வாய் சொன்ன 80சி அதில் 123ஆம் பிரிவு. மதிப்பீட்டு ஆண்டு போய் 'வரி ஆண்டு' வந்திருக்கிறது. முப்பது வருட அனுபவமுள்ள ஆடிட்டரும் பிரிவு எண்களை இப்போது புதிதாகப் படிக்கிறார்.

ஆனால் சேர்ப்பதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் மகளிர் குழு நோட்டையோ வீட்டு வரவு செலவையோ அவளிடம் கொடுங்கள். கூட்டல் சரி என்று திருப்பித் தந்தால் இன்னும் யோசிக்கலாம். "இந்த மாசம் மட்டும் ஏன் இவங்க கட்டல?" என்று கேட்டால் பீஸ் கட்டிவிடுங்கள்.

உங்களுக்கு எத்தனை வருடம் என்று கேட்டிருந்தீர்கள். வருகிற சனிக்கிழமை கடை எடுத்துவைக்கும் நேரத்தில் மூன்று தாள் பிரிண்ட் எடுங்கள். யார் நமக்குத் தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும், 2பி-யில் வராத பில்கள் எவை. முதலாளியிடம் நீட்ட வேண்டாம், நீட்டினால் மேஜையில் போட்டுவிடுவார். பத்து நிமிடம் உட்காரச் சொல்லி வாசியுங்கள். முதல் வாரம் செல்போனைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பார், விடாதீர்கள். உங்கள் கடையிலும் ஒரு பேட்டைக்காரர் இருப்பார். அவர் பெயர் வரும்போது தலை நிமிரும். சம்பளப் பேச்சை அதற்கு அடுத்த வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.