தோளுக்குச் சுகம், ரேமுக்குப் பூட்டு

கேள்வி: நான் காப்புறுதி முகவர், ஐயா. வீடு பட்டர்வொர்த்தில். வாரத்துக்கு நான்கு நாள் ஃபெரி ஏறி பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்கு வருகிறேன். என் பழைய மடிக்கணினி 2.3 கிலோ. தோள்பட்டை வலி தாங்கவில்லை. அலுவலகங்களில் ஓட்டிக் கழித்த லெனோவோ மடிக்கணினி, திங்க்பேட் எக்ஸ்1 கார்பன், ஒன்பதாம் தலைமுறை, 8 ஜிபி ரேம், ஒரு கடையில் இருக்கிறது. “தாராளமாக வாங்குங்கள், ரேம் பிறகு ஏற்றிக்கொள்ளலாம்” என்கிறார் கடைக்காரர். வாங்கவா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: அந்த மாடலை வாங்கலாம்மா. அந்த 8 ஜிபி ரேம் உள்ளது மட்டும் வேண்டாம். ரேம் என்பது திறந்த வேலைகளைக் கணினி தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம்.

ரேம் பிறகு ஏற்றலாம் என்று கடைக்காரர் தெரியாமல் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். 2012-இல் முதல் எக்ஸ்1 கார்பன் வந்த நாளிலிருந்தே அதன் ரேம் மதர்போர்டோடு, அதாவது முதன்மைச் சுற்றுப்பலகையோடு, ஈயம் வைத்துப் பற்றவைத்ததுதான். கழற்றி மாட்டும் ஸ்லாட் வைத்தால் தடிமன் கூடும், எடையும் கூடும். கொம்தார் பக்கம் இருபத்திரண்டு வருஷம் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். “எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, ரேமை ஏற்றிக் கொடுங்கள்” என்று மெல்லிய மடிக்கணினியோடு வந்தவர்களை மாதத்துக்கு இரண்டு பேராவது டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வாட்ஸ்அப், எக்செல், ஒரு ஜூம் கூட்டம், பிரவுசரில் பத்துப் பக்கம் எல்லாம் ஒன்றாகத் திறந்தால் விண்டோஸ் 11-இல் 8 ஜிபி மூச்சு வாங்கும். 16 ஜிபி உள்ளதாகத் தேடுங்கள். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி சிறியதாக இருந்தால் கவலை இல்லை, அதைக் கழற்றி மாற்றலாம்.

எடை விஷயத்தில் ஏமாற மாட்டீர்கள். 1.13 கிலோவிலிருந்து தொடங்குகிறது. உங்கள் பழையதில் சரிபாதி. மூடி கார்பன் இழை என்பதால் மெலிந்திருந்தாலும் தொட்டால் வளையாது. விசைப்பலகை அருமை. நடுவில், மவுஸுக்குப் பதிலாகச் சுட்டியை நகர்த்த இருக்கும் சிவப்புக் குமிழை முதலில் எல்லோரும் கிண்டல் செய்வார்கள். ஃபெரி ஆடும்போது மடியில் வைத்து வேலை பார்த்தால் அதன் அருமை புரியும்.

சார்ஜரை மறந்துவிடாதீர்கள். கூட வரும் 65 வாட் சார்ஜரை, நம் ஊர் மூன்று முள் ப்ளக்கும் கனத்த வயருமாக, வீட்டுக் காய்கறித் தராசில் வைத்தேன். 300 கிராமுக்கு மேல் காட்டியது. வீட்டம்மா தராசைப் பிடுங்கிக்கொண்டு போனது வேறு கதை. டைப்-சி வழியாக ஏறுவதால், கைக்கு அடக்கமான 65 வாட் சார்ஜர் ஒன்று வாங்கினால் போனுக்கும் அதுவே போதும்.

பழைய பொருள் என்பதால் பேட்டரியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். புதிதில் அது 57 வாட்-அவர் மின்சாரம் பிடிக்கும். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். கடைக்காரரை உங்கள் கண் முன்னே எடுக்கச் சொல்லுங்கள். முழுதாக ஏற்றினால் 40 வாட்-அவருக்குக் கீழேதான் நிற்கிறது என்றால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள்.

அப்புறம், இதில் இணையத்துக்கான லேன் கம்பி செருக இடம் கிடையாது. இதேபோல் ஒரு மெல்லிய மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே வெளியாட்களுக்கு வைஃபை இல்லை, கம்பி மட்டும்தான். இருபது ரிங்கிட் அடாப்டர் வீட்டு மேசை மேல். எடை குறைந்த சந்தோஷத்தோடு வெறுங்கையாகத் திரும்பினேன். உங்கள் வேலைக்கு இது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

சூடு? மெல்லிய உடம்பு, சின்ன விசிறி. சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பாலிசி கணக்குக்கு அது தெரியவே தெரியாது. மெத்தை மேல் மட்டும் வைக்காதீர்கள், அடியில் காற்று போகும் வழி அடைபடும்.

கேள்வி: மகள் கட்டடக்கலை படிக்கப் போகிறாள். அவளுக்கும் இதே மாதிரி எடை குறைந்தது வாங்கலாமா?
– வாசகர், சுங்கை டுவா

பதில்: வேண்டாம். முப்பரிமாண வரைபடத்துக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும், இந்த ரகத்தில் அது இல்லை. இரண்டு கிலோ சுமக்கட்டும், சின்ன வயசுதானே.

கேள்வி: 2017-இல் வாங்கிய ஐந்தாம் தலைமுறை எக்ஸ்1 கார்பன் நன்றாகத்தான் ஓடுகிறது. விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது. பழுதா?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: பழுதில்லை. மடிக்கணினி ஐந்தாம் தலைமுறை என்றாலும், அதில் பெரும்பாலும் இருப்பது இன்டெல் ஏழாம் தலைமுறை பிராசசர். விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசரிலிருந்துதான் ஏற்கும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள், 14 அக்டோபர் 2025-உடன் முடிந்தது. பேங்க் வேலையை வேறு கணினிக்கு மாற்றிவிட்டு, இதில் லினக்ஸ் ஏற்றி அம்மாவுக்கு யூடியூப் பார்க்கக் கொடுங்கள்.