அந்தப் பதினொரு நிமிடங்கள்

கேள்வி: சென்ற இதழில் உலகின் மிகச் சிறந்த கோல்கீப்பர்கள் என்று லெவ் யாஷின், கார்டன் பேங்க்ஸ் பெயர்களுக்குப் பக்கத்தில் பிரேசிலின் மோஅசிர் பார்போசாவையும் போட்டிருந்தீர்கள். 1950 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டு ஒரு நாட்டையே அழவைத்தவர் அவர். பந்தைப் பிடிப்பதுதானே கோல்கீப்பர் வேலை? அதைச் செய்யாதவருக்கு எதற்கு இந்த அனுதாபம்?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: அனுதாபத்துக்காக அவரை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆட்டத்துக்காகத்தான் சேர்த்தோம். கைக்கு வந்த எந்தப் பந்தையும் அவர் அன்று கோட்டைவிடவும் இல்லை. ஐம்பது வருடம் பிரேசிலில் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அது முறைப்படி இறுதி ஆட்டமே அல்ல. அந்த உலகக் கோப்பையின் கடைசிக் கட்டத்தில் நான்கு அணிகள் லீக் முறையில் மோதின. வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. பிரேசில் ஸ்வீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் வென்று 4 புள்ளிகளோடு நின்றது. ஸ்பெயினுடன் டிரா செய்து, ஸ்வீடனை வென்ற உருகுவேயிடம் 3 புள்ளிகள். 1950 ஜூலை 16 அன்று ரியோவின் மாரகானா அரங்கில் இந்த இரண்டு அணிகளும் மோதின. பிரேசில் ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை, டிரா செய்தாலே கோப்பை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

47வது நிமிடத்தில் ஃப்ரியாசா பிரேசிலுக்கு முதல் கோலைப் போட்டார். 66வது நிமிடத்தில் உருகுவேயின் வலது விங்கர் (ஓரத்தில் ஓடி ஆடுபவர்) கிக்ஜியா, பிரேசிலின் தடுப்பாட்டக்காரர் பிகோடியைத் தாண்டி ஓரமாக ஓடி, பந்தை நடுவே தள்ளினார். ஓடி வந்த ஸ்கியாபினோ அடித்தார், 1-1. பதிமூன்று நிமிடம் கழித்து அதே கிக்ஜியா, அதே ஓரம், அதே பிகோடி பின்தங்குகிறார். உதவிக்கு வந்திருக்க வேண்டிய இன்னொரு தடுப்பாட்டக்காரர் ஜுவெனால் வந்து சேரவில்லை. நடுவே உருகுவே ஆட்கள் ஓடி வருகிறார்கள்.

இந்த இடத்தில் நீங்கள் பார்போசாவாக நின்று பாருங்கள். விங்கர் பக்கவாட்டில் ஒடுங்கிய கோணத்தில் வருகிறார். அங்கிருந்து கோலை நோக்கி அடித்தால் நுழைய இடம் குறைவு. நடுவே தள்ளினால் ஓடி வருபவர்களுக்குக் கோல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. கொஞ்சம் முன்னால் அப்படித் தள்ளித்தான் அடித்திருக்கிறார்கள். கம்பத்தை ஒட்டியே நின்றால் கிராஸை, அதாவது ஓரத்திலிருந்து நடுவே தள்ளும் பந்தை, அறுக்க முடியாது. அறுக்க ஒரு அடி வெளியே வந்தால் கம்பத்துக்கும் உடம்புக்கும் நடுவில் சந்து விழும். யோசிக்க ஒரு நொடிகூடக் கிடையாது. பார்போசா வெளியே ஒரு அடி வைத்தார். கிக்ஜியா அந்தச் சந்தில் தாழ அடித்தார்.

பார்போசா இடப்பக்கம் பாய்ந்தார். பந்து விரலில் பட்டது. கையுறை போடாமல் ஆடுகிறவர் அவர், பந்தைத் தோலால் உணர வேண்டும் என்பார். பட்டதும், கார்னருக்குத் தள்ளிவிட்டோம் என்றே நினைத்திருக்கிறார். அரங்கத்தில் சத்தம் நின்றுபோனதைக் கேட்ட பிறகுதான், தைரியத்தை வரவழைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாராம். பந்து வலைக்குள் கிடந்தது. டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் 1,73,850 பேர் உட்கார்ந்திருந்த இடம் அது.

அவர் கிராஸைத்தான் எதிர்பார்த்தார் என்பதைக் கோல் அடித்த கிக்ஜியாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு ஒரு பயிற்சியாளர் அதைக் கிட்டக் கம்பத்தில் விட்ட கோல் என்று குறித்து வைப்பார். நானும் மறுக்கவில்லை. கணிப்பு தவறிப்போனது உண்மை. ஆனால் கணித்துத் தவறுவதும், கைக்கு வந்ததை நழுவவிடுவதும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாமல் கோல்கீப்பரைப் பற்றித் தீர்ப்பு சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இப்போது அந்த டிரா கணக்குக்கு வாருங்கள். கிக்ஜியா கோல் போட்டது 79வது நிமிடம். மீதி 11 நிமிடங்கள் இருந்தன. அதற்குள் ஒரே ஒரு கோல் விழுந்திருந்தால் கோப்பை பிரேசிலுக்கு. முந்தைய இரண்டு ஆட்டங்களில் 13 கோல் போட்ட அணி அது. அந்தத் தொடரிலேயே அதிக கோல் அடித்த அடெமிர் இருந்தார், ஸிஸின்யோ இருந்தார், ஜாயிர் இருந்தார். எதிரே உருகுவே கோல்கீப்பர் மாஸ்போலி ஒரு மலை மாதிரி நின்றார். அந்த 11 நிமிடத்துக்கு யாரும் ஐம்பது வருடம் தண்டனை அனுபவிக்கவில்லை. முன்னால் நின்றவர்கள் தவறவிட்டால் அது ஆட்டத்தின் போக்கு, கடைசியில் நின்றவர் தவறவிட்டால் குற்றம். உங்கள் கேள்வியிலும் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது.

ஆட்டத்துக்கு முன்பே நடந்தவையும் உண்டு. பிரேசில் அணி, தங்கியிருந்த அமைதியான இடத்திலிருந்து சாவ் ஜனுவாரியோ மைதானத்துக்கு மாற்றப்பட்டது. அக்டோபரில் தேர்தல். அரசியல்வாதிகள் வந்து கைகுலுக்கிக்கொண்டே இருந்தார்கள். 'ஓ முந்தோ' என்ற பத்திரிகை அணியின் படத்தைப் போட்டு, இவர்கள்தான் உலக சாம்பியன்கள் என்று ஆட்டத்துக்கு முன்பே அறிவித்தது. ரியோ மேயர் ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் வீரர்களை வெற்றியாளர்கள் என்றே அழைத்துப் பேசினார். இவர்களில் யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. பயிற்சியாளர் ஃபிளாவியோ கோஸ்டா சில வருடம் கழித்து அதே தேசிய அணிக்குத் திரும்பவும் பயிற்சியாளராக வந்தார்.

பழி விழுந்தது மூன்று பேர்மேல்: பார்போசா, பிகோடி, ஜுவெனால். மூவரும் கறுப்பர்கள். கறுப்பர்களுக்கு நெருக்கடியைத் தாங்கும் நெஞ்சுரம் கிடையாது, கோல்கீப்பராக வைக்கக் கூடாது என்ற பேச்சு அதற்குப் பிறகு பிரேசிலில் பல வருடம் ஓடியது. இதைச் சொல்லாமல் பார்போசாவைப் பற்றி எழுதுவது நேர்மை ஆகாது.

இனி அந்த மனிதர். 1921-ல் கம்பினாஸில் பிறந்தவர். சாவ் பாவ்லோவின் இபிரங்கா அணியில் ஆடி, 1945-ல் ரியோவின் வாஸ்கோ ட காமா கிளப்புக்கு வந்தார். அந்த வாஸ்கோவை 'வெற்றி எக்ஸ்பிரஸ்' என்பார்கள். 1949 தென் அமெரிக்கக் கோப்பையை பிரேசில் வென்றபோது, கடைசி ஆட்டத்தில் பராகுவேயை 7-0 என்று வென்ற அணியின் கோல்கீப்பர் அவர்தான். 1950 உலகக் கோப்பையில் ஆறு ஆட்டம் ஆடி அவர் விட்டது ஆறே கோல். தோல்விக்குப் பிறகு உடைந்துபோய்விட்டார் என்று நினைத்தால் தப்பு. 1950-ம் ஆண்டின் ரியோ லீக் பட்டத்தை வாஸ்கோ அதே மாரகானாவில் வென்றது, கோலில் அதே பார்போசா. பிறகு 1952, 1958 பட்டங்கள். நாற்பது வயதை ஒட்டி வரை ஆடினார். ஆனால் தேசிய அணியில் 1953-ல் ஒரு ஆட்டம் கொடுத்ததோடு கதவை மூடிவிட்டார்கள்.

ஆட்டத்தை விட்ட பிறகு அவருக்குக் கிடைத்த வேலை மாரகானா வளாகத்திலேயே. அந்தக் கோல் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண ஊழியராக வருடக்கணக்கில் போய்வந்தார். 1970-ல் ஒரு நாள் கடையில் ஒரு பெண்மணி தன் சின்னப் பையனிடம் அவரைக் காட்டி, அதோ அந்த ஆள்தான் பிரேசில் முழுவதையும் அழவைத்தவர் என்று சொன்னாராம். ஆட்டம் நடந்தபோது பிறந்தே இராத பிள்ளை. பார்போசா தன் வாழ்க்கையிலேயே மிகவும் வலித்த தருணமாகச் சொன்னது இதைத்தான், கிக்ஜியாவின் கோலை அல்ல.

1993-ல், உலகக் கோப்பைக்குத் தயாராகிக்கொண்டிருந்த பிரேசில் அணியைப் பார்த்து வாழ்த்தலாம் என்று தெரெசோபொலிஸ் பயிற்சி முகாமுக்குப் போனார். வயது 72. ராசியில்லாதவர், அணிக்கு ஆகாது என்று உள்ளே விடவில்லை. பிரேசிலில் அப்போது ஒரு குற்றத்துக்கு அதிகபட்ச சிறைத்தண்டனையே 30 வருடம், தான் பொறுப்பில்லாத ஒன்றுக்கு அதற்குமேல் அனுபவித்துக்கொண்டிருப்பதாக அவர் சொன்னார். 2000 ஏப்ரல் 7 அன்று, ஐம்பது வருடம் நிறைய மூன்று மாதம் இருக்கும்போது, கடற்கரை ஊரான ப்ரையா கிராந்தேயில் இறந்தார்.

ஆகவே பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்கப்போவதில்லை. ஆனால் ஒரு தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது, உங்கள் கடிதத்தால்தான் அது கண்ணில் பட்டது. சென்ற இதழில் பார்போசா பெயருக்குக் கீழே 1950 என்ற ஒரே ஆண்டைத்தான் அச்சிட்டிருந்தோம். 1948-ஐயும் போட்டிருக்க வேண்டும். அந்த வருடம் சிலியின் சான்டியாகோ நகரில் தென் அமெரிக்க சாம்பியன் கிளப்புகளின் போட்டி நடந்தது. வாஸ்கோவின் கடைசி ஆட்டம் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டுடன். எதிரணியில் டி ஸ்டெஃபானோ, லப்ரூனா போன்ற பெயர்பெற்ற கோல் அடிப்பவர்கள். ரிவர் பிளேட்டுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது, லப்ரூனா அடித்தார், பார்போசா தடுத்தார். ஆட்டம் 0-0. அந்த டிராவே போதுமாக இருந்தது, கோப்பை வாஸ்கோவுக்கு.