கேளுங்கள், சொல்கிறோம்: ‘ஃப்யூயல்’ விளையாட்டில் குறுக்கு வழியும் எரிபொருளும்

பருவநிலை சீர்குலைந்து, மனிதர்கள் கைவிட்டுப் போன அமெரிக்க நிலப்பரப்பில் பைக்கும் பஃகியும் (மணலிலும் மேட்டிலும் ஓடும் இலகுவான திறந்த வண்டி) ஓட்டும் ‘ஃப்யூயல்’ (2009) பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். பிரான்ஸின் அசோபோ ஸ்டுடியோ உருவாக்கி, கோட்மாஸ்டர்ஸ் வெளியிட்ட பந்தய வீடியோ விளையாட்டு இது.

கேள்வி: திரையில் ஜி.பி.எஸ். காட்டும் அம்புக்குறியை விட்டு விலகாமல்தான் ஓட்டுகிறேன். வேகமான வண்டியும் வாங்கிவிட்டேன். ஆனாலும் மூன்றாவது, நான்காவது இடம்தான் கிடைக்கிறது. எங்கே தவறு?

வண்டியில் குறையில்லை. அம்புக்குறியை முழுக்க நம்புவதுதான் சிக்கல். அது பெரும்பாலும் சாலையையும் மண்பாதையையும் ஒட்டியே வழி சொல்லும். பந்தயத்தின் விதியோ செக்பாயிண்டுகளை, அதாவது வழியில் குறித்துவைத்த இடங்களை, வரிசையாகத் தொட வேண்டும் என்பது மட்டும்தான். நடுவில் எந்த வழியாகப் போனாலும் கேட்பாரில்லை.

அதற்காகக் கண்ட இடத்தில் எல்லாம் காட்டுக்குள் பாயக் கூடாது. முதலில் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். இரண்டு செக்பாயிண்டுகளுக்கு நடுவே நேர்க்கோட்டில் 1 கி.மீ., சாலை வழியே 1.6 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாலையில் உங்கள் வேகம் 140, கரடுமுரடான நிலத்தில் 90. சாலை வழியே போனால் 41 விநாடி, குறுக்கே போனால் 40 விநாடி. ஒரே ஒரு விநாடிதான் லாபம். வழியில் ஒரு பாறையை உரசினாலே அது போய்விடும். அதே சாலை 2 கி.மீ. சுற்றினால் 51 விநாடி ஆகும். அப்போது 11 விநாடி மிச்சம், துணிந்து இறங்கலாம். ஆக, சாலை வேகம் கரட்டு வேகத்தைப் போல எத்தனை மடங்கோ, சாலையின் நீளம் நேர்க்கோட்டைப் போல அதைவிட அதிக மடங்காக இருந்தால்தான் குறுக்கு வழிக்கு மதிப்பு.

ஏற்றமா இறக்கமா என்பதும் முக்கியம். கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை மலையிறங்கும் இடங்கள்தான் குறுக்கு வழிக்குப் பொன்னான இடங்கள். சரிவே வண்டியை இழுத்துக்கொண்டு போகும். ஏற்றத்தில் கதை வேறு. செங்குத்துச் சரிவில் நேராக ஏறினால் பாதியில் வேகம் செத்துவிடும், திரும்ப உருட்டி எடுப்பதற்குள் நான்கு பேர் முந்தியிருப்பார்கள். ஏறும்போது சாலையிலேயே இருங்கள்.

பலரும் கோட்டை விடுவது மறுபடி சாலையில் சேரும் இடத்தில். குறுக்கே வந்த வேகத்தில் சாலையைக் கடந்து மறுபக்கப் பள்ளத்தில் விழுவார்கள், அல்லது பக்கவாட்டில் வந்து செக்பாயிண்டைத் தவறவிடுவார்கள். செக்பாயிண்டுக்குக் குறைந்தது நூறு மீட்டர் முன்பே சாலைக்குத் திரும்பிவிட வேண்டும். சாலையை விட்டு இறங்குவதும் வளைவுக்குள் போன பிறகு வேண்டாம். நேர்ச்சாலையாக இருக்கும்போதே, சக்கரங்கள் நேராக இருக்கும்போதே இறங்குங்கள்.

ஒரே பந்தயத்தில் திரும்பத் திரும்பத் தோற்கிறவர்கள் ஒரு ஓட்டத்தை வெற்றிக்காக இல்லாமல் வழி பார்க்க மட்டும் ஒதுக்கலாம். நாங்கள் உறுதியாகப் பரிந்துரைப்பது இதைத்தான்.

கேள்வி: வண்டி ஓட ஓட எரிபொருள் தீர்ந்துவிடுமா?

தீராது. இந்த விளையாட்டில் எரிபொருள்தான் பணம். பந்தயத்தில் ஜெயித்தாலும் கிடைக்கும், வெட்டவெளியில் கிடக்கும் பீப்பாய்களைத் தொட்டாலும் கிடைக்கும். அதைக் கொடுத்துத்தான் புது வண்டி வாங்க வேண்டும்.

கேள்வி: சேர்த்த எரிபொருளை எந்த வண்டிக்குச் செலவழிப்பது?

ஒரே வகையில் கொட்டாதீர்கள். பல பந்தயங்கள் இன்ன வகை வண்டிக்குத்தான் என்று வரையறுக்கப்பட்டவை. அருமையான மூன்று பைக் வைத்துக்கொண்டு, பஃகி கேட்கும் பந்தயத்தில் ஓட்டை வண்டியோடு நிற்க நேரும். வகைக்கு ஒரு நல்ல வண்டி, அப்புறம் மற்றவை.

மரங்களுக்கு நடுவே புகுந்து போக பைக் போல வராது, ஆனால் சின்ன இடிக்கே ஆளைத் தள்ளிவிடும். நான்கு சக்கர குவாட் பைக் கொஞ்சம் மெதுவென்றாலும் நிலையாக நிற்கும். புதியவர்களுக்கு அதுதான் சரி. திறந்த மணல்வெளிக்கு பஃகி. மசில் காரைத் தார்ச்சாலையை விட்டு இறக்கவே இறக்காதீர்கள். காற்று மெத்தையில் மிதக்கும் ஹோவர்கிராஃப்ட் தண்ணீர் மேலும் போகும், ஏரி குறுக்கே கிடந்தால் அதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆனால் தரையில் பிடிமானம் இல்லாததால் நினைத்த இடத்தில் திரும்பாது. வளைவு வருவதற்கு வெகு முன்பே மூக்கைத் திருப்பி, எதிர்ப்பக்கம் வழுக்கிக்கொண்டே போக விட வேண்டும்.

கேள்வி: 14,400 சதுர கி.மீ. நிலத்தை ஒரே டிவிடியில் எப்படி அடைத்தார்கள்?

நல்ல கேள்வி. கன்சோல் விளையாட்டுகளிலேயே மிகப் பெரிய விளையாட்டுப் பரப்பு என்று கின்னஸ் சாதனை பெற்ற நிலம் அது. சதுரமாக விரித்தால் பக்கத்துக்கு 120 கி.மீ.; 100 கி.மீ. வேகத்தில் நிற்காமல் போனாலும் ஒரு பக்கத்தைக் கடக்க 72 நிமிடம் ஆகும்.

மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நிலத்தின் உயரத்தைப் பதிந்தால் 1,440 கோடி புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் என்றாலே ஏறக்குறைய 29 ஜிபி. இரட்டை அடுக்கு டிவிடியே 8.5 ஜிபிதான். அதையே பத்து மீட்டருக்கு ஒரு புள்ளியாகக் குறைத்தால் 288 எம்பியில் அடங்கிவிடும். இது எங்கள் கணக்கு. தத்துவம் புரிவதற்காகச் சொல்கிறோம். மலை, பள்ளத்தாக்கு போன்ற பெரிய வடிவத்தை மட்டும் சேமித்துவைத்து, புல், பாறை, மரம், மண்மேடு போன்ற நுணுக்கத்தை நீங்கள் நெருங்கும்போது கணினியே விதிப்படி உருவாக்குகிறது. அந்த விதி ஒரு தொடக்க எண்ணிலிருந்துதான் எல்லாவற்றையும் கணக்கிடும்; ஒரே இடத்துக்கு எப்போதும் அதே எண் என்பதால், நேற்று மோதிய மரம் இன்றும் அங்கேயே நிற்கும்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. விதியால் உருவான காடு எங்கே பார்த்தாலும் ஒரே சாயலில் இருக்கும், பல கி.மீ. ஓட்டியும் புதிதாக எதுவும் கண்ணில் படாத பகுதிகள் உண்டு. ஆனாலும் அந்த வெறுமை இந்தக் கதைக்களத்துக்குப் பொருத்தம் என்றே நினைக்கிறோம். இதே அசோபோதான் பின்னாளில் 2020-இல் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரை உருவாக்கியது.

கேள்வி: புழுதிப் புயலில் முன்னால் ஒன்றுமே தெரிவதில்லை. என்ன செய்ய?

அப்போது மட்டும் குறுக்கு வழியை மறந்துவிட்டு, அம்புக்குறியையும் சின்ன வரைபடத்தையும் பிடித்துக்கொண்டு சாலையிலேயே போங்கள். இரவுப் பந்தயத்துக்கும் இதேதான்.

கேள்வி: மேட்டில் தாவினால் பைக் ஒவ்வொரு முறையும் தூக்கி எறிகிறது.

மேட்டின் உச்சியில் ஸ்டிக் இடதோ வலதோ சாய்ந்திருக்கும், அதுதான் காரணம். ஏறும்போதே வண்டியை நேராக்கி, உச்சிக்குச் சற்று முன்பே வேகம் கொடுக்கும் டிரிகரைப் பாதி தளர்த்துங்கள். தட்டையான தரையில் விழாமல், இறங்கும் சரிவில் விழும்படி தாவுவது நல்லது. கன்ட்ரோலர் பழசாகி ஸ்டிக் தானாக நகர்ந்தால், டெட்ஸோன் அளவை (ஸ்டிக்கின் சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாமல் விடும் எல்லை) கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: பழைய டிஸ்க் இருக்கிறது. புது விண்டோஸில் எக்ஸ்லைவ்.டிஎல்எல் இல்லை என்று பிழை வருகிறது.

‘கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்’ என்ற பழைய மென்பொருளை இந்த விளையாட்டு தேடுகிறது. புது விண்டோஸோடு அது வருவதில்லை. எங்கிருந்தோ அந்த ஒரு கோப்பை மட்டும் இறக்கிப் போடாதீர்கள், வைரஸ் வர அதுவே வழி. அந்த மென்பொருளின் 3.5 பதிப்பை முழுதாக நிறுவுங்கள். விளையாட்டைத் திறந்து ஹோம் விசையை அழுத்தி, புது ப்ரொஃபைல் உருவாக்கும் பக்கத்துக்குப் போங்கள். அங்குள்ள எழுத்துகளைக் கீழே வரை நகர்த்தினால்தான் ‘லோக்கல் ப்ரொஃபைல்’ என்ற இணைப்பு தெரியும். ப்ரொஃபைல் இல்லாமல் விளையாடினால் ஆட்டம் சேமிக்கப்படாது. விண்டோஸின் லோக்கல் ஆப்டேட்டா (%LOCALAPPDATA%) ஃபோல்டரில் மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் எக்ஸ்லைவ் ஃபோல்டரை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்; கணினி மாற்றும்போது உதவும்.

கேள்வி: ரேஸ் எடிட்டரில் நான் உருவாக்கும் பந்தயங்கள் சப்பென்று இருக்கின்றன.

செக்பாயிண்டுகளை நெருக்கமாக வைத்திருப்பீர்கள். அப்படி வைத்தால் எல்லோரும் ஒரே கோட்டில்தான் ஓட முடியும். பாதியை அழித்துவிட்டு, ஒரு மலையின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று வையுங்கள். சுற்றிப் போகும் சாலை ஒன்றும், மேலே ஏறும் மண்பாதை ஒன்றும் இருக்கிற மலையாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வழியிலும் நீங்களே ஓட்டி நேரம் பாருங்கள். வித்தியாசம் ஐந்து விநாடிக்குள் வரும்வரை செக்பாயிண்டை நகர்த்திக்கொண்டே இருங்கள்.